எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் மகனுக்கு

சாமி,

நீ சௌக்கியமா, வயிற்றுப்பிள்ளைக்காரி சரசு வேளைக்குச் சாப்பிடுகிறாளா, அங்கே மழை விட்டதா என்றெல்லாம் கேட்டு உன் அப்பா நேற்றே ஒரு கார்டு போட்டுவிட்டார். அந்தக் கேள்விகளை அவருக்கே விட்டுவிடுகிறேன். இது நீளமான கடிதம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி படிக்காதே. வேலை முடிந்து குவார்ட்டர்ஸுக்குப் போய், கை கால் கழுவி, சரசு தரும் காப்பியைக் குடித்துவிட்டுப் படி. அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. எனக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது. வரியைப் பிடித்து எழுதுகிறேன் என்றுதான் நினைக்கிறேன், வரி என்னை விட்டுவிட்டு எங்கேயோ போகிறது.

நடுவீட்டில், தெற்குச் சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மண்டை ஓட்டுப் படங்களை நாம் மாட்டி வைத்திருந்த சன்னல். மற்ற வீடுகளில் கல்யாணப் படம் மாட்டுவார்கள், நம் வீட்டில் எக்ஸ்ரே படம். வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்ந்து கண்ணாடிச் சட்டம் முழுக்க நிறைந்துபோயிற்று. மத்தியான வெயில் அந்தப் படங்கள் வழியாக உள்ளே வரும்போது வீடே நீலமாகிவிடும். தரை, நெல் மூட்டை, தொட்டில் கட்டின கயிறு, தூங்குகிற உன் முதுகு எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருக்கும். நான் கடலைப் பார்த்தவள் இல்லை. கடலுக்குள் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கிரகணம் பிடித்தால் சுற்றியுள்ள தோட்டத்துக்காரர்கள் எல்லாம் வந்து ஆளுக்கொரு படம் வாங்கிப் போய் அது வழியாகச் சூரியனைப் பார்ப்பார்கள். உன் மண்டைக்குள் சூரியன் தேய்ந்து வளர்வதைப் பார்த்துவிட்டு, பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

உனக்கு நினைவு இருக்காது. நீ தவழ்ந்துகொண்டிருந்த நாளில், சாயங்காலம் விளக்கு ஏற்றினால் உன் இடது கண் பூனைக்கண் மாதிரி மின்னும். பார்த்தவர்கள் எல்லாம் தெய்வக் கண் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் பெருமைப்பட்டேன், பொய் சொல்வானேன். பிறகு அந்தக் கண் புடைத்துக்கொண்டு வந்தபோதுதான் பயந்து கோயமுத்தூருக்கு ஓடினோம். அங்கிருந்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். உள்ளே கட்டி இருக்கிறது, புற்று ஜாதி என்றார்கள். இடது கண்ணை எடுத்தார்கள். வலது கண்ணிலும் சின்னதாக ஒன்று இருக்கிறது, அதையாவது காப்பாற்றப் பார்க்கிறோம் என்று கட்டியைக் கருக்குகிற கதிரைப் பாய்ச்சினார்கள், நம் பேச்சில் கரண்டு வைத்தார்கள். அந்தப் பெரிய இயந்திரத்தின் அடியில், பஞ்சுப் பொட்டலம் மாதிரி சுற்றி உன்னைப் படுக்க வைப்பார்கள். கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே ஒரு ரீங்காரம் கேட்கும். நான் வெளியே சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சத்தத்தைத்தான் நான் மனசுக்குள் கும்பிட ஆரம்பித்தேன். வலது கண் பிழைத்தது. நீ என் மூக்குத்தியைப் பார்த்துக் கையை நீட்டினாய். அன்றைக்கு நான் அழுத அழுகை மெட்ராஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு உன்னைக் கண்ணு என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. நம் பக்கத்தில் எல்லாப் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவோம். நீ மட்டும் சாமி ஆகிவிட்டாய்.

மாரியம்மன் நோம்பி முடிந்த கையோடு வருஷா வருஷம் உன்னைப் பொள்ளாச்சிக்கு அழைத்துப் போனேனே, அது எதற்கு என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அம்மை இறங்கினால் அம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதுபோல, உன்னைப் பிழைக்க வைத்த கதிருக்கு நான் வருஷம் ஒரு தடவை உன்னைக் காட்டிவிட்டு வந்தேன். அவ்வளவுதான். எக்ஸ்ரே வைத்திருந்த அந்தத் தனி டாக்டருக்கும் என் பிடிவாதம் பழகிவிட்டது. "என்னம்மா, வருசாந்திரக் கட்டளைக்கு வந்துட்டீங்களா?" என்று சிரிப்பார். நீ சின்னப் பையன், தலை ஆடும் என்று நான் உள்ளேயே நின்று இரண்டு கையாலும் உன் தலையைப் பிடித்துக்கொள்வேன். ஈர முடியும் தேங்காயெண்ணெயுமாக உன் தலை என் உள்ளங்கைக்குள் இருக்கும். டக்கென்று ஒரு சத்தம். முடிந்தது. பிறகு உனக்கு ஐஸ்கிரீம், எனக்கு நிம்மதி.

திரும்பி வரும்போது கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி அரிசி கடத்துகிறார்களா என்று தேடுவார்களே, ஒரு தடவை அந்தப் போலீஸ்காரர் நம் காக்கி உறையைப் பிடுங்கி வெளியே எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பல்லை இளித்துக்கொண்டு உன் மண்டை. "அய்யோ, இதாருடெ தலையா?" என்று கேட்டுவிட்டார். நீ சட்டென்று, "என்ற தலைதானுங்க சார், உள்ள அரிசி இல்லீங்க" என்றாய். பஸ்ஸே சிரித்தது. மீசைக்குள் அவரும் சிரித்துவிட்டு, படத்தை மறுபடி உறைக்குள் போட்டு, நோகுமோ என்கிற மாதிரி மெதுவாக உன் கையில் கொடுத்தார். நீ அன்றைக்கு வழி முழுக்க அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய்.

அந்த டாக்டர் வீட்டு இருட்டறைக்குள் உன்னை விட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று உன் அப்பா சொல்வார். சிவப்பு விளக்கு, புளித்த மருந்து வாசனை, தட்டில் மிதக்கிற வெளிறிய பிலிம். அதில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மார்கழிப் பனிக்குள்ளிருந்து பனைமரம் வெளியே வருகிறமாதிரி எலும்பு வரும். நீ வெளியே வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, என்னைய நானே வெளுத்து வரதப் பாத்தனுங்க" என்றாய். அன்றைக்கே உன் விதி எழுதியாகிவிட்டது. மற்றப் பையன்கள் போலீஸ் ஆக வேண்டும், டிரைவர் ஆக வேண்டும் என்றபோது நீ எக்ஸ்ரே எடுக்கப் போகிறேன் என்றாய். ஒற்றைக் கண்ணனுக்கு யார் வேலை தருவார்கள் என்று ஊர் சொன்னது. கோயமுத்தூரில் படித்து, மலைமேல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக் காட்டினாய். ஊர் வாயை மூடியது. நான் மூடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு போனேன்.

போன வருஷம் உங்களைப் பார்க்க அங்கே வந்தபோது, மேகம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வந்து பெஞ்சில் உட்காருவதைப் பார்த்தேன். வட்டவடையிலிருந்து ஜீப்பில் வந்த ஒருவர் பூண்டு மூட்டை மேல் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கிற ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. நீ கதிர் படாமலிருக்கப் போடுகிற அந்த ஈய அங்கியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, பிள்ளையை நீயே பிடித்துக்கொண்டு, பொத்தானை அமுக்கப் பியூனைச் சொன்னாய். "அண்ணாச்சி கையிலன்னா புள்ள அழாம நிக்கி பாருங்க" என்று அவள் என்னிடம் சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இவன் என் மகன் என்று மலை முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்த நிமிஷத்தை இப்போது நினைத்தால் அந்த அங்கியை மறுபடி உனக்கே மாட்டிவிடத் தோன்றுகிறது.

சொல்கிறேன். அவசரப்படாதே.

புரைக்குக் காட்ட உன் அப்பாவும் நானும் கோயமுத்தூர் போனோம். கண் டாக்டர் ஒரு பெண். என் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரிய வைத்து, சின்ன விளக்கை வைத்துப் பார்த்தாள். இடது கண்ணைச் சீக்கிரம் பார்த்து முடித்தாள். வலது கண்ணுக்கு வந்ததும் அவள் மூச்சு என் கன்னத்தில் படுகிற அளவுக்குக் கிட்டே வந்து, வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, உங்க வீட்டுல சின்ன வயசுல யாருக்காவது கண்ணு போச்சா?"

உன் கதையைச் சொன்னேன். என் கண்ணின் ஆழத்தில் ஒரு பழைய தழும்பு இருக்கிறதாம். உனக்கு வந்த அதே கட்டி நான் குழந்தையாக இருந்தபோது எனக்கும் முளைத்து, யாருக்கும் தெரியாமல் தானாகவே வாடிப்போயிருக்கிறது. அபூர்வமாக அப்படி நடக்குமாம். இத்தனை வருஷம் உன் நோய் வானத்திலிருந்து விழுந்தது என்று நினைத்திருந்தேன். அது என் வழியாகத்தான் வந்திருக்கிறது. இந்தக் கட்டியை முளைக்க வைக்கிற ஒரு குறை கருவிலேயே உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கும், பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் என்று அவள் விளக்கினாள். இதில் யார் தப்பும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள்.

"பையன் இப்ப நல்லா இருக்காரா? என்ன பண்றார்?"

"எக்ஸ்ரே ரூம்புல வேலைங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், பழக்கம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேரே உட்கார்ந்தாள். வருஷா வருஷம் படம் எடுத்ததையும் சொன்னேன்.

"வருஷா வருஷமா? எதுக்கும்மா?"

"நன்றிக்குத்தானுங்க."

அவள் திட்டியிருந்தால் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதிர் யார் உடம்பில் பட்டாலும் அணுக்களுக்குள் சேதம் பண்ணும், மற்றவர்கள் உடம்பு பெரும்பாலும் அதைச் சமாளித்துக்கொள்ளும், இந்தக் குறையோடு பிறந்தவர்கள் உடம்புக்கு அந்தத் தெம்பு குறைவு என்றாள். சின்ன வயசில் கரண்டு வைத்துப் பிழைத்தவர்கள் சிலருக்கு, அது பட்ட இடத்திலேயே, எலும்பில், வளர்ந்த பிறகு வேறு புற்று வந்திருக்கிறதாம். எல்லோருக்கும் வராது. உனக்கு வரும் என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்குக் கரண்டு வைத்ததும் தப்பில்லை, அது இல்லாவிட்டால் கண்ணும் இல்லை, ஒருவேளை நீயும் இல்லை. வேலையில் படுகிற கொஞ்சம் கொஞ்சம் கதிர் எவ்வளவு கெடுதல் பண்ணும் என்று தனக்கு நிச்சயமாகத் தெரியாது என்றும் ஒளிக்காமல் சொன்னாள். "ஆனா அவருக்கு ஒரு துளிகூட வீணா வேண்டாம்மா. அந்த ரூம விட்டு வெளிய வரச் சொல்லுங்க" என்றாள். நான் உன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னபோது, அதே குறை உள்ள என் உடம்புக்கும் கதிர் ஆகாது என்றாள்.

மருந்து விட்ட கண்ணோடு ஊருக்கு வந்தேன். பாப்பா விரிந்திருந்ததால் வெளிச்சம் எல்லாம் உள்ளே கொட்டியது. சர்க்கார் அறிவித்த இந்த எமர்ஜென்சியில் பஸ் மட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறது, எனக்கோ அன்றைக்கு அது வராமலே இருந்திருக்கலாம். பொள்ளாச்சி தாண்டியதும் தென்னைகள் கரைந்து பால்போல ஓடின. பனைகளின் தலையைச் சுற்றி வட்டமாக ஒளி. மலை இருக்கிற இடத்தில் மலை இல்லை, வெள்ளையாக ஒரு மூச்சு மட்டும் இருந்தது. எதிரே வந்த லாரி வெறும் மினுமினுப்பாக வந்து என்னைக் கடந்து போயிற்று. உலகம் முழுக்க ஒரே எக்ஸ்ரே படமாக ஆகி, அதற்குள் நான் உன்னைத் தேடிக்கொண்டே வந்தேன். பயமாக இருந்தது, அழகாகவும் இருந்தது. உன் அப்பா என் கையை விடவே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஊர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "அவனுக்குன்னு அவனே தேடிக்கிட்ட சோலி அது. எப்பிடிப் புள்ள சொல்லுவே?"

"சொல்லித்தானுங்க ஆவோணும்" என்றேன்.

அவர் எழுந்துபோய்ச் சன்னலில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தொங்குகிற படத்தால் ஒரு கெடுதலும் இல்லையென்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கழற்றினார். வீட்டுக்குள் சாதாரண வெயில் வந்தது. நீலம் போனதில் எனக்கு வருத்தம்தான், ஒளிப்பானேன்.

இப்போது நீ கோபப்படுவாய். அந்தக் கதிர் தந்த கண்ணால்தானே இந்தக் கடிதத்தையே படிக்கிறேன், அதை எப்படி விடுவேன் என்பாய். நானும் அதை இன்றைக்கும் கும்பிடுகிறேன் சாமி. அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம் என்பதற்காக அடுப்புக்குள் குடியிருக்க முடியுமா? ஈய அங்கி இருக்கிறது, படுகிற கதிரை அளக்க மார்பில் குத்துகிற பட்டை இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்பாய். அங்கியை நீ யாருக்கு மாட்டிவிடுகிறாய் என்று நான் பார்த்துவிட்டேன். உன் குணம் எனக்குத் தெரியும். பிள்ளை அழுதால் நீ தள்ளி நிற்க மாட்டாய். அதனால்தான் ஜாக்கிரதையாக இரு என்று சொல்லாமல், விட்டுவிடு என்று சொல்கிறேன். அதே ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுவது, சீட்டு எழுதுவது என்று வேறு வேலை கேள். பெரிய டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. வேலை தரவில்லையென்றால் இங்கே கடலைக்காடு இருக்கிறது, உன் அப்பாவோடு சண்டை போட ஓர் ஆளும் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. வலது நெற்றிப்பொட்டுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது, குளிர்தான் காரணம், தைலம் தேய்த்தால் போய்விடுகிறது என்று சரசு பேச்சுவாக்கில் எழுதியிருந்தாள். தைலத்தை மூடி வை. குளிராகவே இருக்கட்டும், என் வாய் முகூர்த்தம் பலிக்காமல் போகட்டும். ஆனாலும் போய்க் காட்டிவிடலாம். கரண்டு பட்ட இடம் அது. வலியைப் பொறுத்துக்கொள்வது ஆண்பிள்ளைத்தனம் என்று உனக்கு யார் சொல்லித் தந்தார்களோ, நான் இல்லை. உடம்பில் புதிதாக எது முளைத்தாலும், எது வலித்தாலும், முதலில் சரசுவிடம் சொல், அடுத்தது டாக்டரிடம் சொல். என்ன வைத்தியம் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல். இதை ஆயுசுக்கும் மறக்காதே.

பிள்ளை விஷயமும் இருக்கிறது. உங்கள் குழந்தைக்கு இது இறங்கலாம், இறங்காமலும் போகலாம், பூவா தலையாதான் என்றாள் டாக்டர். பிறந்ததும் கண்ணைக் காட்ட வேண்டும், பிறகு அவள் சொல்கிறபோதெல்லாம் காட்ட வேண்டும். பூனைக்கண் மின்னும்வரை காத்திருந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிற வேலை இந்தத் தடவை வேண்டாம். முளையிலேயே கண்டுபிடித்தால் இப்போது குளிரை வைத்தே உறைய வைத்து அழிக்கிறார்களாம். அவள் வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன விளக்கு வெறும் வெளிச்சம்தானா என்று கேட்டேன். வெறும் வெளிச்சம்தானாம். இதை நான் சரசுவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன். கண்ணாடிக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு நீ தூங்குவதைப் பார்த்துப் பயமாக இருந்ததா என்று கல்யாணமான புதிதில் அவளைக் கேட்டதற்கு, "பயமென்னங்க அத்தை, ஒரு கண்ணு முழிச்சிருந்து எனக்குக் காவல் இருக்குதுங்க" என்று சொன்ன பெண் அவள். அவள் தாங்கிக்கொள்வாள். உன்னைத்தான் அவள் தாங்க வேண்டியிருக்கும்.

சரசுவுக்குப் பிரசவத்துக்கு முன்னால் போடுகிற கட்டுச்சோற்று விருந்துக்கு உங்கள் இரண்டு பேரையும் கையோடு கூட்டி வர, வருகிற புதன்கிழமை நான் புறப்படுகிறேன். உடுமலை வழியாக வந்து, மறையூர் தாண்டி, மூணாறில் ஜீப் பிடித்து மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன். அதற்குள் நீ இதைப் படித்து, திட்டி, சரசுவோடு பேசி, இன்னொரு தடவை படித்திருப்பாய். நான் வரும்போது அந்த அறைக்கு வெளியே நில். வெளியே நின்றாயானால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், சேர்ந்து சாப்பிடப் போகலாம். உள்ளே இருந்தாயானால் நான் கதவைத் தட்ட மாட்டேன், திறந்துகொண்டு நேரே உள்ளே வந்து உன் பக்கத்தில் நின்றுகொள்வேன். எனக்கும் அதே உடம்புதான். நீ பதறிப்போய் என்னை வெளியே தள்ளப் பார்ப்பாய். அப்போது என்னோடு நீயும் வந்துவிடு.

அம்மா